மலை யாத்திரைக்கு உள்பனியன்: எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது



ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அப்பர் கயிலாயக் காட்சி நடப்பது நம் பகுதியில் எல்லோரும் அறிந்தது. கயிலைக்குப் புறப்பட்ட அப்பர் பெருமான், கால் தேய்ந்து, உடல் தேய்ந்து, இனி ஊர்ந்தும் போக முடியாது என்ற நிலையில் இறைவன் ஆணைப்படி வடக்கே ஒரு பொய்கையில் மூழ்கி, இங்கே ஐயாற்றுக் குளத்தில் எழுந்தார் என்பது வரலாறு. கேதாரத்தைப் பாடிய சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் இருந்தபடியே பாடினார்கள் என்று சொல்வார்கள். அந்தப் பேறு நமக்கெல்லாம் இல்லை. ரயில் ஏறி, பஸ் ஏறி, கடைசியில் காலால்தான் ஏற வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் காசிக்குப் போய் வந்தாலே பெரிய விஷயம். இப்போது நம் வணிகக் குடும்பங்களிலேயே கேதாரம், பத்ரி, நேபாளத்தில் முக்திநாத் என்று ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். 2020 முதல் நின்றிருந்த கயிலை மானசரோவர் யாத்திரையும் 2025இல் மீண்டும் தொடங்கிவிட்டது. போகிறவர்கள் மாத்திரை, டார்ச் லைட், குரங்குக் குல்லா எல்லாம் பட்டியல் போட்டு வாங்குகிறார்கள். உடம்போடு ஒட்டிக் கிடக்கும் பனியனைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. நாற்பது வருஷமாகக் கும்பகோணத்தில் பனியன், ஜட்டி மொத்த வியாபாரம் செய்யும் நாங்களும் அதைப் பற்றி யோசித்தவர்கள் அல்ல. யோசிக்க வைத்தது ஒரு சம்பவம்.

மளிகைக்காரர்களுக்குப் பனியன் பாடம் எதற்கு என்று கேட்கலாம். கிராமத்து மளிகைக் கடையில் துண்டும் பனியனும் தொங்காத கடை எது? யாத்திரைக்குப் புறப்படுகிறவர் கடைசி நேரத்தில் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். தவிர, நீங்களும் போகிறீர்கள்.

2018ஆம் வருஷம் புரட்டாசியில், பாபநாசம் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேதாரத்துக்குப் புறப்பட்டார். எங்களிடம் முப்பது வருஷப் பழக்கம். “அண்ணே, மலைக்குப் போறேன். நல்லதா ஆறு பனியன் கொடுங்க” என்றார். திருப்பூர் சரக்கில் முதல் தரமான, கை வைத்த பருத்திப் பனியனாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தோம். சுவாமி காரியமாகப் போகிறவர் என்று அடக்க விலைதான் போட்டோம்.

கௌரிகுண்டத்தில் காலையில் நல்ல வெயில். மேலே குளிரும் என்று சொல்லியிருந்ததால் நண்பர் பனியன், சட்டை, தடித்த ஸ்வெட்டர், குல்லா எல்லாவற்றையும் கீழேயே மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினார். ஏற்றம் ஏற ஏற வியர்வை கொட்டியது. பீம்பலி தாண்டியதும் மேகம் இறங்கித் தூறலும் காற்றும் வந்தன. லிஞ்சோலி அருகே ஒரு டீக்கடையில், பின்னால் வருகிறவர்களுக்காக அரை மணி நேரம் உட்கார்ந்தார். அங்கேதான் நடுக்கம் ஆரம்பித்தது. டீ கிளாஸைக் கையில் பிடிக்க முடியவில்லை. பேச்சு குழறியது. கூட வந்தவர்கள் குளிர்தானே என்று அவர் மேல் இரண்டு கம்பளியைப் போர்த்தினார்கள். நடுக்கம் நிற்கவில்லை. டீக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஸ்வெட்டர், சட்டை, பனியன் அத்தனையையும் கழற்றி, உடம்பைத் துடைத்து, உலர்ந்த ரஜாயில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். கழற்றிய பனியனைப் பிழிந்தபோது தண்ணீர் ஒழுகியதாம்.

கோயில் இன்னும் நாலைந்து கிலோமீட்டர்தான். ஆனால் அவரைக் கோவேறு கழுதையில் கீழே இறக்கிக் கொண்டுவந்துவிட்டார்கள். தரிசனம் இல்லை.

ஊர் திரும்பி எங்கள் கடைக்கு வந்தவர் கோபமாக ஒன்றும் பேசவில்லை. “நீங்க கொடுத்த பனியனைத்தான் அண்ணே அந்த ஆள் பிழிஞ்சான்” என்று மட்டும் சொன்னார். சண்டை போட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். சரக்கில் குறை இல்லை. அந்தச் சரக்கை அந்த இடத்துக்குக் கொடுத்ததுதான் தப்பு. அதன் பிறகு திருப்பூரில் துணி பின்னுகிறவர்கள், லூதியானா கம்பளி வியாபாரிகள், மலைக்குப் போய் வந்தவர்கள் என்று பலரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

குளிரை விட ஈரமே எதிரி

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் காற்றில் உலரும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஈரப் பனியனுக்குள் இருக்கும் உடம்பும் ஒரு மண்பானைதான். ஒரு லிட்டர் வியர்வை உலர்வதற்குச் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். மளிகைக் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 165 கிராம் அரிசியில் உள்ள சக்தி. மனிதன் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவன் உடம்பு உண்டாக்கும் வெப்பமோ மணிக்கு 80 முதல் 100 கிலோகலோரிதான். பனியனிலும் சட்டையிலும் கால் லிட்டர் ஈரம் தங்கியிருந்தாலே, அதை உலர்த்த ஒன்றரை மணி நேர வருமானம் முழுவதும் போய்விடும். ஏறும்போது உடம்பு பல மடங்கு வெப்பம் உண்டாக்குவதால் இந்தச் செலவு தெரிவதில்லை. உட்கார்ந்த உடனே வரவு நின்றுவிடுகிறது, செலவு நிற்பதில்லை. நண்பருக்கு டீக்கடையில் நடந்தது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. துணியின் இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், அது காற்றைப் போல் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்திவிடும். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் உள்ளே ஈரம் ஒட்டியிருந்தால் பயன் குறைவு.

உயரக் கணக்கையும் பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். கௌரிகுண்டம் ஏறக்குறைய 2,000 மீட்டர். கேதாரம் 3,583 மீட்டர். அந்த 16 கிலோமீட்டர் நடைக்குள் பத்து டிகிரி இறங்கிவிடுகிறது. கயிலை வலத்தில் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல். மார்கழியில் இருபது டிகிரிக்கு வந்தாலே மஃப்ளர் தேடும் காவிரிக்கரைக்காரர்கள் நாம் என்பதை மறக்கக் கூடாது.

நெல்லில் தெரிந்ததைத் துணியில் பாருங்கள்

ஈரப்பதம் என்றால் நம் பகுதி வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் என்ற கணக்குக்கு எத்தனை விவசாயி காத்துக் கிடந்திருக்கிறான்! அந்த 17 சதவீத நெல்லைக் கையில் அள்ளினால் ஈரம் தெரியுமா? தெரியாது. மீட்டர்தான் சொல்லும். ஈரம் மணியின் உள்ளே இருக்கிறது. மழையில் நனைந்த நெல்லோ கையில் ஒட்டும். அதில் ஈரம் மேலே இருக்கிறது.

நூலிலும் இப்படித்தான். சாதாரணக் காற்றில் கிடக்கும் கம்பளி நூல் தன் எடையில் 16 சதவீதம் அளவுக்கு ஈரம் வைத்திருக்கும். பருத்தி எட்டு சொச்சம். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. இதைக் கேட்டதும் அதிக ஈரம் பிடிக்கும் கம்பளிதானே மோசம் என்று நாங்களும் நினைத்தோம். விஷயம் அப்படியில்லை. கம்பளி மயிர் ஈரத்தைத் தன் உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. மேல் தோல் தண்ணீரை ஒட்டவிடாது. தன் எடையில் கால் பங்கு ஈரம் ஏறினாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. சுருள் சுருளான மயிராகையால் நனைந்தும் படிந்துபோகாமல் நடுவே காற்றை வைத்திருக்கும்.

பருத்தி இழையோ நனைந்தால் துவண்டு படிந்து, இழைகளுக்கு நடுவிலெல்லாம் தண்ணீரை நிறுத்தி, தோலோடு ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு அந்தக் குணம்தான் அமிர்தம். அதனால்தான் சித்திரையில் பருத்திப் பனியனை விட்டால் வேறு கதியில்லை. மலையில் அதே குணம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

பாலியெஸ்டர் பிளாஸ்டிக் சாக்கு மாதிரி. கோணிச் சாக்கு நனைந்தால் ஊறிப் பெருத்துக் கனக்கும். பிளாஸ்டிக் சாக்கை உதறினால் தீர்ந்தது. பாலியெஸ்டர் இழை தண்ணீரைக் குடிப்பதில்லை. வியர்வை இழைகளின் இடுக்கு வழியே வெளிப்பக்கம் வந்து பரவி உலர்ந்துவிடும். ஆனால் மழமழவென்று பளபளக்கும் எல்லா பாலியெஸ்டரும் இதைச் செய்யாது. இதற்கென்று பின்னப்பட்ட, காற்றோட்டமுள்ள துணியாக இருக்க வேண்டும். வாங்கும் முன் உட்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அது முத்தாக நிற்காமல் உடனே அகலப் பரவி, வெளிப்பக்கமும் தெரிய வேண்டும்.

இன்னும் நம்பிக்கை வராதவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். தராசு இருக்கிறது. ஒரே அளவில் ஒரு பருத்திப் பனியன், ஒரு விளையாட்டு டீ-சர்ட் இரண்டையும் காய்ந்தபடி நிறுத்து, தண்ணீரில் முக்கிப் பிழிந்து மறுபடி நிறுங்கள். பிறகு நிழலில் கொடியில் போட்டுவிட்டு வியாபாரத்தைப் பாருங்கள். எது முதலில் காய்கிறது என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். நாங்கள் கடைப் பையன்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம்.

லேபிளைப் படியுங்கள்

‘தெர்மல்’ என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலே போதும் என்று வாங்கிவிடக் கூடாது. நம் நாட்டில் விற்கும் தெர்மல் பலவற்றில் பருத்திதான் பாதி, சிலவற்றில் முழுவதும் பருத்தி. அவை டில்லிக் குளிரில் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவனுக்குச் செய்தவை. அவனுக்கு வியர்க்காது, அவனுக்கு அது நல்ல சரக்கு. மூட்டையோடு மலை ஏறுகிறவனுக்கு அது ஆகாது. பருத்தி அதிகம் கலந்த தெர்மலை யாத்திரைக்காரருக்கு இரவில் படுக்கும்போது போட்டுக்கொள்ளச் சொல்லித்தான் நாங்கள் கொடுக்கிறோம். ‘பேம்பூ’, ‘விஸ்கோஸ்’ என்று எழுதியிருப்பதும் அப்படியே. கைக்கு வெண்ணெய் போல இருக்கும். ஆனால் பருத்தியை விட அதிகமாக ஈரம் குடிக்கும்.

கம்பளியிலும் ஏமாற்று உண்டு. கேஷ்மிலான் என்று ஒரு காலத்தில் நாமெல்லாம் கம்பளி என்று நம்பி விற்றது அக்ரிலிக். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். கம்பளி தலைமயிர் கருகும் நாற்றம் அடித்துத் தானே அணையும். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டரும் அக்ரிலிக்கும் உருகி மணியாகும். நூல் பந்து போன்ற உல்மார்க் முத்திரை 1964 முதல் இருக்கிறது. அது இருந்தால் கேள்வியில்லை.

கம்பளி என்றதும் அரிக்கும் என்று பயப்படுகிறவர்கள் அநேகம். அது தடித்த மயிரின் குணம். மெரினோ ஆட்டின் மயிர் 17, 18 மைக்ரான் அளவுக்கு மெல்லியது. நம் தலைமயிரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. அது தோலில் குத்தாது. இதற்கு ஆஸ்திரேலியாவைத்தான் நினைக்க வேண்டும் என்பதில்லை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் பாரத் மெரினோ என்ற இனத்தை வளர்த்து வருகிறது. போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

விலைதான் இடிக்கும். மெரினோ பனியன் பாலியெஸ்டரைப் போல் பல மடங்கு விலை. பூச்சி அரிக்கும், வெந்நீரில் போட்டால் சுருங்கும். ஆனால் நாலு நாள் தொடர்ந்து போட்டாலும் நாறாது. பாலியெஸ்டர் ஒரே நாளில் பக்கத்து சீட்காரரை எழுப்பிவிடும், அடுப்புப் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கயிலைக்குப் போகிறவருக்கு மெரினோ வாங்கலாம் என்போம். கேதாரம், முக்திநாத்துக்குப் பாலியெஸ்டரே தாராளம். சென்னை, கோயம்புத்தூரில் மலையேற்றச் சாமான் விற்கும் கடைகளில் இரண்டும் கிடைக்கின்றன. எடை பார்க்கும்போது 150 ஜிஎஸ்எம் ஏறுவதற்கு, 200 பொதுவாக, 250 கடுங்குளிருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். தடிமன் கூடினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஏறும்போது வியர்வைதான் கூடும்.

பட்டும் நல்ல உள்ளாடைதான். 1924இல் எவரெஸ்டில் மறைந்த மல்லோரியின் உடல் 1999இல் கிடைத்தபோது, பட்டும் பருத்தியும் கம்பளியுமாக அடுக்கடுக்காக அணிந்திருந்தது தெரிந்தது. அதற்காகத் திருபுவனம் பட்டை வெட்டிப் பனியன் தைக்கச் சொல்லவில்லை. பின்னல் பட்டு வேறு. வலைப் பனியன் என்று நம் ஊரில் கோடைக்கு விற்கிறோமே, அதே யோசனையை நார்வேக்காரர்கள் 1933இல் மீன்வலையை வைத்துக் குளிருக்கே செய்தார்கள். ஓட்டையில் காற்று நிற்கிறது, வியர்வை தங்குவதில்லை. துணியின் தடிமனில் இல்லை சூடு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அளவும் உடுத்தும் முறையும்

நம் ஆட்கள் எதையும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவார்கள். துவைத்தால் சுருங்கும் என்ற கணக்கு. இந்தப் பனியன் தோலோடு படிந்திருந்தால்தான் வியர்வையை இழுக்கும். தொளதொளவென்று இருந்தால் வேலை செய்யாது. அதற்காக மூச்சு முட்ட இறுக்கவும் கூடாது. முழுக்கை, இடுப்புக்குக் கீழே இறங்கும் நீளம், தோளில் பை வார் படும் இடத்தில் தடித்த தையல் இல்லாமை, இவ்வளவு போதும். கழுத்தில் ஜிப் இருந்தால் ஏறும்போது திறந்துகொள்ளலாம்.

வேட்டிதான் கட்டுவேன் என்கிற பெரியவர்களோடு நாங்கள் வாதாடுவதில்லை. வேட்டிக்குள் தெர்மல் கால்சட்டை போட்டுக்கொள்ளச் சொல்கிறோம். பெண்களுக்குப் பருத்திப் பாவாடைதான் பெரிய தொல்லை. மழையில் ஓரம் நனைந்தால் முழங்கால் வரை ஈரம் ஏறும். நடக்கும் அன்று சுடிதாரும் உள்ளே பாலியெஸ்டர் கால்சட்டையும் அணிந்து, கோயில் அருகே புடவை மாற்றிக்கொள்வது நல்லது.

இரண்டு செட் கட்டாயம். ஒன்று நடப்பதற்கு. மற்றொன்று பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, தங்கும் இடம் சேர்ந்ததும் மாற்றிக்கொள்வதற்கு. அந்த இரண்டாவதை எக்காரணம் கொண்டும் வழியில் நனையவிடக் கூடாது. புறப்படும்போது கொஞ்சம் குளிரட்டும். பத்து நிமிஷத்தில் உடம்பு சூடாகிவிடும். வியர்க்கும் முன் ஸ்வெட்டரைக் கழற்றி, உட்காரும் முன் மாட்டிக்கொள்ள வேண்டும். நம் நண்பர் செய்தது நேர் எதிர். வெள்ளியங்கிரிக்கு ராத்திரியில் ஏறி, ஏழாவது மலையில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்து நடுங்குகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

ஈர வேட்டியோடு சுவாமி பார்க்கும் நம் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காவிரியில் முழுகி ஈரத்தோடு படியேறினால் வெயில் உலர்த்திவிடும். பத்ரியில் தப்த குண்டத்து வெந்நீரில் குளித்துவிட்டு அப்படியே காற்றில் நிற்கக் கூடாது. துடைத்து, உலர்ந்ததை உடுத்திக்கொண்டு நின்றால் பத்ரிநாதர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உடம்பின் சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. நடுக்கம், பேச்சுக் குழறல், கால் தடுமாற்றம் என்று வரிசையாக வரும். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது முற்றிய நிலை. முதலில் ஈரத்தைக் கழற்ற வேண்டும், பிறகுதான் போர்த்த வேண்டும். விழுங்க முடிந்தால் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுக்கலாம். பிராந்தி கொடுக்கவே கூடாது. அது சூடேற்றுவது போல் காட்டி உள்சூட்டை வெளியே விட்டுவிடும். கை காலைப் பரபரவென்று தேய்ப்பதும் வேண்டாம். உடனே கீழே இறக்கி டாக்டரிடம் காட்ட வேண்டும். உயரத்தினால் வரும் தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு வேறு கணக்கு. அதற்குப் பனியன் மருந்தல்ல.

சரக்கு வைக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேதாரம் நடை திறப்பது அட்சய திருதியையை ஒட்டி. ஆகவே மாசி கடைசியிலேயே கையில் இருக்க வேண்டும். அதிகம் வேண்டாம், அளவுக்கு மூன்று செட் போதும். துவைக்கும் முறையையும் சொல்லி விற்க வேண்டும். வாசனைக்காகக் கடைசியில் விடும் மென்மைத் திரவம் கூடாது. அது இழையில் படிந்து வியர்வை போகும் வழியை அடைத்துவிடும். உங்கள் கடையில் அதுவும் விற்பீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

போன பங்குனியில் பாபநாசம் நண்பர் கடைக்கு வந்தார். கூட மகனும் இருந்தார். இந்தத் தடவை இரண்டு பேருமாகப் போகிறார்களாம். நாங்கள் எடுத்துப் போட்ட பனியனை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கழுத்துப் பட்டியைத் திருப்பி லேபிளைத்தான் முதலில் படித்தார். “பஞ்சு இல்லையே அண்ணே?” என்றார். இல்லை என்றோம். ஆளுக்கு இரண்டு செட் எடுத்துக்கொண்டார். விலையில் பேரமும் பேசினார்.